ஜாப் கார்டு

வெளியே நாற்பத்தொன்பது.
பெட்டியைத் திறந்தால் மைனஸ் எழுபது.
இரண்டுக்கும் நடுவே
மூன்று ஜோடிக் கையுறையோடு நான்.
ஷுவைக் கிடங்கின் தரையில்
உலர்பனிப் புகை முழங்காலைத் தடவிப் போகிறது.

பன்னிரண்டு வருஷம் ஷுஐபாவில் ஃபேப்ரிகேஷன்.
ஊரடங்கில் வேலை நின்றதும்
கம்பெனி எங்களைத் தலைக்கணக்கில் இரவல் விட்டது.
இரும்பு சுமந்த தோளுக்கு இந்தப் பெட்டி கனமே இல்லை.
ஆனாலும் அளவு பார்க்க வரும் மரிசெல்
மெதுவா, மெதுவா என்று கத்துவாள்:
உள்ளே இருப்பது
பார்த்தாலே கிழிந்துவிடும் ஜாதியாம்.

என்ன அது, கிருமியா என்றேன்.
இல்லை.
செத்த கிருமி?
அதுவும் இல்லை.
அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள்,
அதற்குள் இன்னொரு வட்டம்.
அவளுடைய அரைகுறை ஹிந்தி, என்னுடைய அரைகுறை அரபி;
மிச்சத்தை எனக்குத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஷாப்பில் இன்ஜினியர் அறை பூட்டியே இருக்கும்.
மூல வரைபடமெல்லாம் அங்கே.
நமக்கு வருவது ஜாப் கார்டு:
இத்தனை அங்குலம், இப்படி வளைவு, இத்தனை பீஸ்.
இது வெளியாள் எழுதிய கார்டு.
கொழுப்புத் துளிக்குள் சுருட்டி வைத்தது.
துளி செல்லின் சுவரோடு கரைய
கார்டு ஷாப் தரையில் விழுகிறது.
பூட்டிய அறைப் பக்கம் போவதில்லை.
மிஷின்கள் எழுத்தெழுத்தாய்ப் படித்து
கிருமியின் முள்ளைச் செய்து வெளியே நீட்டுகின்றன.
முள் மட்டும். பின்னால் கிருமி கிடையாது.
காவலாட்கள் ஓடிவந்து
முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள்.
கார்டு ஓரிரு நாளில் தூள்.

வந்தது, செய்தது, கேன்சல்.
அக்காமாவில் வாழ்கிறவனுக்கு
அதைப் பிடிக்காமல் போகுமா?

அறையில் இடும்பனுக்குப் பிடிக்கவில்லை.
பொள்ளாச்சியிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது,
ரத்தத்தையே மாத்தி எழுதிருவானாம்.
பூட்டின அறைக்குள்ள அது போகாதுப்பா என்றேன்.
"நீ போய்ப் பாத்தியா?"
பார்க்கவில்லைதான்.
அவனுக்குக் கீழே திரவியத்தின் கட்டில்
நோன்பு மாதத்திலிருந்து காலி.
சார்ஜர் இன்னும் பிளக்கில்.
நான் அதைக் காட்டவில்லை. அவனும் பார்க்கவில்லை.

நான் போட்டுக்கொண்டேன்.
நெஞ்சு வலிச்சா உடனே வரணும் என்றார் கோட்டயத்து சிஸ்டர்,
வயசுப் பையன்களுக்கு எப்போதாவது ஒருத்தருக்கு வருமாம்,
அனேகமாய்ச் சரியாகிவிடுமாம்.
அன்று இரவு கைக்குள் வெல்டிங் நடந்தது.
இரண்டாம் தவணைக்கு இன்னும் மோசம்.

வேம்பாரில் ரோசாலி
வேறொரு ஊசிக்கு விடிகாலை நாலு மணி முதல் நின்று
டோக்கன் தீர்ந்து திரும்பிய அதே நாளில்
இங்கே ஒரு ஃப்ரீசரின் கதவு
விரல்கடை திறந்து கிடந்தது, ராத்திரி முழுக்க.
நூற்றுத் தொண்ணூற்றைந்து குப்பி, குப்பிக்கு ஆறு.
மரிசெல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
ஆயிரத்து நூற்றெழுபது கை, என்றாள்,
கணக்காக இல்லை, யாரையோ கூப்பிடுவது மாதிரி.

கிருமி முகத்தை மாற்றிக்கொண்டது.
போட்டவனுக்கும் வந்தது,
ஆனால் எங்கள் மாடியிலிருந்து
யாரும் ஆம்புலன்ஸில் ஏறவில்லை.
கார்டில் நாலு எழுத்தைத் திருத்தி மறுபடி அடிப்பார்களாம்.
அச்சு மாற்ற எங்களுக்கு ஆறு மாதம் பிடிக்கும்,
கார்டு மாற்ற ஒரு டீ நேரம்.

ஒரு வியாழக்கிழமை
இடும்பனின் மேல்கையில் சின்னப் பிளாஸ்திரி.
"எறும்பு கடிச்சுது" என்றான்.
ராத்திரி பல் கிட்டித்துக் குளிர் எடுக்க
மேல் கட்டிலுக்கு ஏற முடியவில்லை அவனால்.
கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்தபடி நின்றான்.
பிறகு திரவியத்தின் கட்டிலில் படுத்தான்.
நான் சார்ஜரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டு
என் போர்வையையும் அவன்மேல் போட்டேன்.